'ஷிஃப்டிங் டல்னெஸ்': மந்தமா, மழுங்கலா?

அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் பட்டயப் பாடநூலில் வயிற்றுப் பரிசோதனை அதிகாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பார்த்தல், கேட்டல், தட்டல், தொட்டுணர்தல் எல்லாம் ஆயிற்று. மகோதரத்தில், அதாவது வயிற்றில் நீர் கோத்திருக்கையில், தட்டிக் கண்டுபிடிக்கும் 'ஷிஃப்டிங் டல்னெஸ்' என்ற குறிக்குத் தமிழ்ச்சொல் ஒன்றுதான் பாக்கி. பழைய கைப்பிரதியில் 'மந்தப் பெயர்ச்சி' என்றிருக்கிறது. அப்படியே விடலாமா?

---

> மந்தப் பெயர்ச்சி

வேண்டவே வேண்டாம். மந்தன் என்றால் சனி. பிள்ளைகள் பஞ்சாங்கத்தைத் தேடுவார்கள். அதைவிட, 'வயிறு மந்தமா இருக்கு' என்று ஒருவர் சொன்னால் அது செரியாமை. குழந்தைக்கு என்றால் மாந்தம். வயிற்றுப் பக்கமே இந்த வடசொல் வரக்கூடாது. மழுங்கு + ஒலி = மழுங்கொலி. முன்னே ஒரு வினைத்தொகை சேர்த்தால் 'பெயர்மழுங்கொலி'. முடிந்தது.

---

முடியவில்லை, புலவர் ஐயா. 'பெயர்' என்றதும் நாமம்தான் கண்ணில் படும். 'நகர்' என்று மாற்றினால் ஊராகிவிடும்.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். மல்லாந்து படுத்தால் காற்றுள்ள குடல் நீரின்மேல் மிதந்து நடுவயிற்றுக்கு வரும்; தொப்புளருகே தட்டினால் டம்மென்று கேட்கும். நீர் பக்கங்களில் தேங்கும். அங்கே மொத்தென்று கேட்கும். இடக்கை நடுவிரலை உடலின் நீளவாக்கில் அழுந்தப் பதித்து, வலக்கை நடுவிரல் நுனியால் தட்டிக்கொண்டே தொப்புளிலிருந்து பக்கவாட்டில் போக வேண்டும். அசைய வேண்டியது மணிக்கட்டு, முழங்கை அல்ல. ஒலி மழுங்கிய இடத்தில் விரலை எடுக்காமல், நோயாளியை எதிர்ப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, அரை நிமிடமாவது பொறுத்து, அதே இடத்தில் தட்டினால் இப்போது டம். ஆக, நகர்வது ஒலியல்ல, எல்லை. 'எல்லைநகர்வு' என்றால் என்ன?

---

எல்லைநகர்வு என்றால் நில அளவைத் துறைக்குப் போய்விடும், டாக்டர்.

வியன்னாவில் 1761இல் தட்டிப் பார்க்கும் முறையை நூலாக எழுதிய அவுன்பிரூக்கர் விடுதிக்காரர் மகன்; பீப்பாயில் சரக்கு எவ்வளவு என்று தட்டிப் பார்க்கும் வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். நமக்குப் பீப்பாய் எதற்கு? முழவு இருக்கிறது. அதன் மண் பூசிய கண்ணில் (தோல்முகத்தில்) ஒலி அடங்கும். டம் என்பதற்கு 'முழவொலி', மொத் என்பதற்கு 'மண்ணொலி'. சங்கச் சான்று வேண்டுமா? 'மண்ணமை முழவு'!

---

மண் பூசுவது முழவுக்குச் சுருதி சேர்க்க, ஒலியைக் கொல்ல அல்ல. போகட்டும், நோயாளியின் காதில் 'மண்' என்று விழுந்தால் நன்றாகவா இருக்கும்? முழவொலி மட்டும் எனக்குச் சம்மதம். 'முரசொலி' என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், அது நாளிதழ்.

---

ஒரு நடைமுறைக் குறிப்பு. சொல் எதிர்மறையையும் ஏற்க வேண்டும். காசநோயில் நீர் அறை அறையாகக் கட்டிக்கொண்டால் புரட்டினாலும் எல்லை அசையாது. அப்போது நர்ஸ் என்ன எழுதுவார்? 'இடம்மாறும் மழுங்கொலி', 'இடம்மாறா மழுங்கொலி' என்றால் இரண்டும் கையில் இருக்கும். 'பெயர்', 'நகர்' எதிலும் இது சுலபமில்லை.

அந்தப் பக்கத்தில் சில எச்சரிக்கைகளும் வேண்டும். முதலில் சிறுநீர் கழித்துவரச் சொல்ல வேண்டும். நிறைந்த பை அடிவயிற்றில் மொத்தென்றுதான் ஒலிக்கும். சுமார் ஒன்றரை லிட்டர் சேராதவரை இந்தக் குறி தெரியாமலே போகலாம். இல்லை என்பதால் நீரில்லை என்று எழுதக்கூடாது. பெரிய சூலகக் கட்டியில் எல்லாம் தலைகீழ்: நடுவில் மழுங்கல், பக்கங்களில் முழவொலி.

---

சரி, நேரமில்லை. 'இடம்மாறும் மழுங்கொலி' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். முதல்முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'ஷிஃப்டிங் டல்னெஸ்' என்றும் இருக்கும். வார்டில் அதைத்தானே சொல்கிறார்கள்.

---

இது கலைச்சொல் அல்ல, பெயரெச்சம் போட்ட விளக்கம். என் எதிர்ப்பு இருக்கட்டும். அடுத்த பக்கத்தில் 'ஃப்ளூயிட் த்ரில்' (ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் கையில் படும் நீரலை) வருமே, அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? 'நீர்ச்சிலிர்ப்பு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.