சரணடைஞ்ச கோப்ளின ரோக் கொன்னுட்டாரு, இப்ப யாரோட அலைன்மெண்ட்ட மாத்தணும்?

பகடைக்காரன்:
வணக்கம் மக்களே, டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா கதை ஆடற டேபிள் கேம்) 5ஆவது எடிஷன்ல, 2014 புக் வச்சு, ஒரு கேம்பெயின் (தொடர்கதை) டிஎம் பண்ணிட்டு இருக்கேன், அதாவது கதைய நடத்தறது நான்தான். போன செஷன்ல குகைல சண்டை முடிஞ்சதும் ஒரு கோப்ளின் (குட்டி மான்ஸ்டர்) கத்திய கீழ போட்டு சரண்டர் ஆயிடுச்சு. நம்ம பாலடின் (சத்தியத்தாலதான் பவர் வர்ற வீரன்) எடுத்த சத்தியம் ஓத் ஆஃப் டிவோஷன், அலைன்மெண்ட் (ஒழுங்குக்கு லாஃபுல்-கேயாட்டிக், நல்லது கெட்டதுக்கு குட்-ஈவில், நடுவுல நியூட்ரல்னு கேரக்டருக்குப் போடற லேபிள்) லாஃபுல் குட், அவரு "வழி காட்டு, உன்ன உயிரோட விட்டுடுறோம்"னு வாக்கு குடுத்தாரு, அதுவும் ஒழுங்கா வழி காட்டிச்சு. ராத்திரி கேம்ப்ல பாலடின் தூங்குறப்ப ரோக் (பதுங்கி வேலை பாக்கற திருடன் மாதிரி கேரக்டர்) போய் அதோட கழுத்த அறுத்துட்டாரு. ஏன்னு கேட்டா "நான் கேயாட்டிக் நியூட்ரல், என் கேரக்டர் இப்படித்தான் பண்ணும், அதுவும் இல்லாம மான்ஸ்டர் மேனுவல்லயே கோப்ளின் நியூட்ரல் ஈவில்னுதான போட்டிருக்கு, ஈவில கொன்னா எப்படி தப்பாகும்"ங்கறாரு. பாலடின் ஆடுறவரு அதுக்கப்புறம் டேபிள்ல பேசவே இல்ல, உண்மையாவே வருத்தப்பட்டுட்டாரு. ரோக்க ஈவிலா மாத்தணுமா? வாக்கு உடைஞ்சதால பாலடினோட பவர் போகுமா? அடுத்த செஷனுக்குள்ள முடிவு பண்ணணும்.

கல்கோட்டை:
முதல்ல பாலடின் விஷயம், ஏன்னா அது ஈஸி. அவரோட பவர் போகவே கூடாது. டிவோஷன் ஓத்ல இருக்கறது நேர்மை, தைரியம், கருணை, மானம், கடமை, இதுல எதையும் அவரு மீறல, இன்னொருத்தன் அவருக்குத் தெரியாம பண்ணிருக்கான். 2014 புக்ல ஓத் உடைக்கறது பத்தி ஒரு பாக்ஸ் இருக்கும் பாருங்க, அதுலயே தப்பு பண்ண பாலடின் ராத்திரி முழுக்க விழிச்சு பிரார்த்தனை பண்ணலாம், விரதம் இருக்கலாம்னுதான் வழி சொல்றாங்க, வேணும்னே மீறி வருந்தவும் இல்லன்னாதான் பாலடின்ங்கற க்ளாஸயே விட வைக்கறது, ஓத்பிரேக்கர் (சத்தியம் உடைச்ச பாலடின்) ஆக்கறது எல்லாம். ஆனா காலைல எழுந்து இத பாத்துட்டு அவரு என்ன பண்றாருங்கறது முக்கியம், அந்த சீன அவசரப்படாம ஆட விடுங்க.

ரோக்கோட கேரக்டர் ஷீட்ல நியூட்ரல அடிச்சிட்டு ஈவில்னு எழுதுனா 5ஆவது எடிஷன்ல அனேகமா ஒன்னுமே மாறாது. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் ஸ்பெல் கூட பிசாசு, அன்டெட் (நடமாடற பிணம்), ஃபே (மாய உலகத்து ஜந்து) மாதிரி ஜந்து வகையத்தான் காட்டும், மனுஷக் கொலைகாரன் பக்கத்துல நின்னாலும் காட்டாது. 3ஆவது எடிஷன்ல அப்படி இல்ல, பாலடின் நினைச்சப்பல்லாம் டிடெக்ட் ஈவில் போட்டு எதிர்ல நிக்கறவன் ஈவிலான்னு பாத்துடலாம்.

பழைய டைஸ்:
பகடைக்காரன் தம்பி, உங்க ரோக் சொல்ற ரெண்டு காரணத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. 1974ல முதல் டி அண்ட் டி வந்தப்ப லா, நியூட்ராலிட்டி, கேயாஸ்னு மூணே மூணுதான், அது குணத்த விட எந்தப் பக்கம் நிக்கறங்கற விஷயம், போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் கதைகள்ல வர்ற லாவுக்கும் கேயாஸுக்குமான சண்டைலருந்து எடுத்தது, மான்ஸ்டர்களயும் அப்படியே மூணு பக்கமா பிரிச்சு லிஸ்ட் போட்டிருந்தாங்க. 1976ல டி அண்ட் டிய உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் ஒரு கட்டுரைல குட்-ஈவில்ங்கற இன்னொரு அச்ச சேத்தாரு, 1978 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல இப்ப நாம பாக்கற ஒன்பது கட்டமும் வந்துடுச்சு. அப்ப இருந்து இது பக்கமா குணமாங்கற குழப்பம் கூடவே வருது. உங்க ரோக் கோப்ளினுக்கு மட்டும் அலைன்மெண்ட்ட பக்கமா எடுத்துக்கறாரு, அது ஈவில் கூட்டம், அது தனியா என்ன பண்ணிச்சுங்கறதே தேவையில்லங்கறாரு. தனக்கு வரும்போது மட்டும் அதே வார்த்தை குணமாயிடுது, என் சுபாவம் அப்படி, கேக்காதீங்கன்னு. ஏதாவது ஒன்ன எடுத்துக்கட்டும். குணம்னா அந்த கோப்ளின் வாக்க நம்பி வழி காட்டிருக்கு, அத கணக்குல எடுத்தாகணும். பக்கம்னா இவரு பாலடின் பக்கம் நிக்கறவரு, தன் பக்கத்து ஆள் குடுத்த வாக்க காப்பாத்திருக்கணும். மான்ஸ்டர் மேனுவல் முன்னுரைலயே போட்டிருக்கற அலைன்மெண்ட் டீஃபால்ட்தான், டிஎம் மாத்திக்கலாம்னு சொல்லிருக்காங்க.

இன்னொன்னு, ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்ட் டி அண்ட் டி, பழைய எடிஷன்) காலத்துல அலைன்மெண்ட் மாறுனா ஒரு லெவலே போயிடும், அதனால ஆளுங்க பயந்து பயந்து ஆடுவாங்க, அந்த தண்டனைய திரும்ப கொண்டு வராதீங்க.

இரவுநிழல்:
நான் ஒரேயடியா தூக்கிப் போடுங்கன்னுதான் சொல்லுவேன் ப்ரோ. 2008ல 4ஆவது எடிஷன்லயே ஒன்பத அஞ்சா குறைச்சு அன்அலைன்ட் (எந்தப் பக்கமும் இல்ல)னு ஒன்னு வச்சாங்க, இதே மாதிரி இன்னொரு கேமான பாத்ஃபைண்டரோட 2023 ரீமாஸ்டர்ல மொத்தமாவே எடுத்துட்டாங்க, அதுக்கு பதிலா எடிக்ட், அனாதீமா, அதாவது நான் கண்டிப்பா செய்யறது இது, உயிரே போனாலும் செய்யாதது இதுன்னு எழுதணும். பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம்லயும் அலைன்மெண்ட் கிடையாது, ஆனா பாலடின் சத்தியத்த மீறுனா உடையுதுல்ல? அது போதும். உங்க ரோக்க "என் கேரக்டர் ஒருநாளும் செய்யாதது"ன்னு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. கேயாட்டிக் நியூட்ரல்ங்கற ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கற மாதிரி அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி ஒளிய முடியாது.

ஏழாம் கதவு:
இரவுநிழல் சொல்றத ஒத்துக்க மாட்டேன். திடீர்னு ஒரு காவலாளியையோ கடைக்காரியையோ ஆட வேண்டியிருக்கும்போது லாஃபுல் ஈவில்னு ஒரு வார்த்தை பாத்தாலே எனக்கு குரல் வந்துடும், அத ஏன் விடணும். பிளேன்ஸ்கேப் டார்மெண்ட் 1999ல வந்த வீடியோ கேம், அதுல ஹீரோ ட்ரூ நியூட்ரல்லதான் (ரெண்டு அச்சுலயும் நடுவுல) ஆரம்பிப்பான், நீங்க சொல்ற பொய், காப்பாத்துற வாக்கு, இதெல்லாம் வச்சு அதுவா நகரும். நெவர்விண்டர் நைட்ஸ் வீடியோ கேம்லயும் 0லருந்து 100 வரைக்கும் ரெண்டு அளவு இருக்கும், செய்யச் செய்ய ஏறி இறங்கும். செஞ்சதுக்கு அப்புறம் எழுதற கணக்குதான் அலைன்மெண்ட், முன்னாடியே வாங்கி வச்சிக்கற பர்மிஷன் இல்ல. அதனால ஒரே ஒரு கொலைக்கு ஈவில்னு மாத்தாதீங்க, "இப்படியே போனா மாறும்"னு வெளிப்படையா சொல்லிட்டு பென்சில்ல குறிச்சு வைங்க.

பகடைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பழைய டைஸ் அண்ணா சொன்ன பக்கம்-குணம் பாயிண்ட்ட அப்படியே ரோக்கிட்ட கேக்கப் போறேன். கதைல, வழி காட்டுன கோப்ளின் திரும்பி வரலன்னு அதோட கூட்டத்துக்குத் தெரிஞ்சிடும், இனிமே இந்த பார்ட்டிகிட்ட (நம்ம கேரக்டர் குழுகிட்ட) யாரும் சரண்டர் ஆக மாட்டாங்க, அது சரியா இருக்குமா? பாலடினுக்கு அந்த ராத்திரி பிரார்த்தனை சீன் வைக்கலாமா?

கல்கோட்டை:
கூட்டத்துக்குத் தெரியறது நல்லா இருக்கு, ஆனா அதோட சுமை பாலடின் தலைல விழுந்துடாம பாத்துக்கங்க, ஏற்கனவே வருத்தத்துல இருக்கறவரு. பிரார்த்தனைய நீங்க வைக்காதீங்க, தப்பே பண்ணாதவருக்கு பரிகாரம் சொன்ன மாதிரி ஆயிடும், அவரா கேட்டா மட்டும் குடுங்க. ரோக்கிட்ட செஷனுக்கு முன்னாடியே தனியா போன் பண்ணி பேசிடுங்க, க்ரூப் சாட்ல வேணாம். கேரக்டர உருவாக்குனது அவருதான, பார்ட்டியோட சேர்ந்து இருக்க ஒரு காரணத்தையும் அவரே கண்டுபிடிக்கட்டும்.