முத்துலட்சுமி ரெட்டி: தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1929-ஆ, 1930-ஆ, 1947-ஆ?

கயல்
டிஎன்பிஎஸ்சி குறிப்புகளில் தேவதாசி ஒழிப்புக்கு மூன்று ஆண்டுகள் வருகின்றன. மூன்றுக்கும் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான். 1930-லேயே சென்னை சட்டசபைப் பதவியை விட்டவர் 1947-ல் எப்படிச் சட்டம் கொண்டுவந்தார்? தேர்தலில் நிற்காத நியமன உறுப்பினர், பின்னால் கட்சியும் கிடையாது. அவரால் சபையில் இவ்வளவு செய்ய முடிந்ததா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய ஏடு
மூன்று ஆண்டுகளுமே சரி. குறிக்கும் விஷயம்தான் வேறு வேறு. தீர்மானம், மசோதா, சட்டம் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள், குழப்பம் தீரும்.

1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தது தீர்மானம். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, அதாவது தேவதாசியாக நேர்ந்து விடுவதைத் தடுக்க அரசு சட்டம் இயற்ற வேண்டும், முடியாவிட்டால் மத்திய அரசை இயற்றச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் வெறும் பரிந்துரைதான், அரசைக் கட்டுப்படுத்தாது.

எனவே நிலத்தின் வழியாகப் போனார். அவருடைய சபை வாழ்க்கையிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான் என்பேன். கோயில் பணிக்கு ஈடாகத் தாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் உண்டு. அது கைவிட்டுப் போகாமல் இருக்க வீட்டில் ஒரு பெண் பணியில் இருந்தாக வேண்டும். ஆகவே அடுத்த தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டு. இந்து அறநிலையச் சட்டத்துக்கு 1929-ல் வந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. நிலம் அவர்களிடமே இருக்கும், விதிக்கும் வரியைக் கட்டினால் போதும், பணி செய்யும் கட்டாயம் இல்லை.

ஆனால் இந்தத் திருத்தம் பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கவில்லை. இனாம் நிலமே இல்லாத குடும்பங்களை அது தொடவும் இல்லை. நேரடித் தடைக்கான மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகிவிட்டார். அது அரசு கொண்டுவந்ததல்ல, தனி உறுப்பினர் மசோதா; கொண்டுவந்தவரே சபையில் இல்லையென்றால் அதை யார் இழுத்துக்கொண்டு போவது? கிடப்பில் போனது. பம்பாய் மாகாணம் 1934-லேயே தடைச் சட்டம் போட்டுவிட்டது. சென்னை மாகாணத்தில் 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியில்தான் முடிந்தது. அப்போது முத்துலட்சுமி சபைக்கு வெளியே இருந்து வற்புறுத்தியவர்.

வழக்குமன்றம்
நல்ல விளக்கம் ஐயா. ஒன்று சேர்க்கிறேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் இருந்தனவே, புதுச் சட்டம் எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். அந்தப் பிரிவுகள் வயதுவராதவர்களை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் பற்றியவை. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். "இது சாமிக்குச் செய்யும் சடங்கு" என்று குடும்பம் சொன்னால் வழக்கு தள்ளாடும். பெண் வயது வந்தவள் என்று காட்டிவிட்டால் பிரிவே பொருந்தாது. 1947 சட்டம் சடங்கையே சட்டவிரோதமாக்கியது. பொட்டுக்கட்டிய பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவும் வழிவிட்டது.

அடையாறு வாசகி
நியமன உறுப்பினர் என்பதால் சும்மா கொடுத்த பதவி என்று எண்ண வேண்டாம். 1917-ல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் பின்பலம் அவருக்கு இருந்தது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-ல் வந்துவிட்டது. தேர்தலில் நிற்கும் உரிமை 1926-ல்தான். அந்த ஆண்டு மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்குகளில் தோற்றார். பெண்ணே இல்லாத சபையாகிவிடக்கூடாது என்று மாதர் சங்கம் அழுத்தம் கொடுத்தது. முத்துலட்சுமி நியமிக்கப்பட்டார், உள்ளே போனதும் சபை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கட்சி இல்லாததும் ஒரு வசதி. எந்தப் பக்கத்திலிருந்தும் ஆதரவு கேட்கலாம்.

இன்னொன்று, அவரை "மேலவை உறுப்பினர்" என்று எழுதுகிறார்கள். அப்போது சென்னைக்கு ஒரே சபைதான். ஈரவை முறை 1937-ல் வந்தது.

இசைக்குடி
எல்லாரும் விடும் ஒரு பகுதி இருக்கிறது. எதிர்ப்பு காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட தேவதாசிப் பெண்களே மனுப் போட்டார்கள். எங்களை விபசாரத்தோடு சேர்க்காதீர்கள், கல்வியும் கலையும் கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். அதே சமூகப் பின்னணியிலிருந்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக ஒழிப்புக்காகப் பேசினார். முத்துலட்சுமியின் தாயும் அந்தப் பின்னணிதான். ஆக, ஒரு சமூகத்துக்குள்ளேயே நடந்த வழக்கு இது. 1947 சட்டம் கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சேர்த்துத் தடுத்தது. ஆடிப் பிழைத்தவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்பதைச் சட்டம் யோசிக்கவில்லை. முத்துலட்சுமி 1930-ல் தொடங்கிய அவ்வை இல்லம் சிறுமிகளுக்குப் புகலிடம் கொடுத்தது. நடுவயதுப் பெண்களுக்கு அப்படி ஒன்று அமையவில்லை.

கயல்
எல்லாருக்கும் நன்றி. அப்போ தேர்வில் எதைக் குறிப்பது?

பழைய ஏடு
கேள்வியின் சொல்லைப் பாருங்கள். "தடைச் சட்டம்" என்றால் 1947. "மசோதா" என்றால் 1930. இனாம் அல்லது அறநிலையத் திருத்தம் என்றால் 1929. அதே 1929-ல் வந்த சாரதா சட்டம் குழந்தை மணம் பற்றியது, மத்திய சபையில் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்தது. முத்துலட்சுமி அதை ஆதரித்தார், அவ்வளவே. ஆண்டு ஒன்றாக இருப்பதால் விடைகளில் இதைக் கலந்து வைப்பார்கள்.