புதுப்பிப்பு: கட்டிய தண்ணீர்க் கட்டணம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது

அம்மாபேட்டை வீட்டுக்குக் குடிநீர்க் கட்டணத்தைப் போனிலேயே கட்டியும் பாக்கி அப்படியே காட்டுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

அம்மா பீரோவில் வைத்திருந்த பழைய அட்டையில் இணைப்பு எண் கையால் எழுதியது. மடிப்பு விழுந்த இடத்தில் மை மங்கி, 7 எனக்கு 1 ஆகத் தெரிந்திருக்கிறது. பணம் வேறு யாரோ ஒருவர் கணக்கில் வரவாகிவிட்டது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரை நம்பித்தான் எங்கள் தெருவே இருக்கிறது. குழாயைத் துண்டித்துவிடுவார்களோ என்று அம்மா சரியாகத் தூங்கவே இல்லை.

ரசீது நகல், வங்கிப் பரிவர்த்தனை எண் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். கவுன்டரில் இருந்த அக்கா பொறுமையாகப் பார்த்து, "ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி, மாத்திடலாம்" என்றார். இன்று காலை பார்த்தேன், பாக்கி இல்லை. அவருக்கு மனசார நன்றி.

அப்புறம், பலர் கேட்டிருந்தீர்கள்: சொத்து வரி எண் வேறு, குடிநீர் இணைப்பு எண் வேறு. எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயரைப் படித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நான் அதைத்தான் பார்க்காமல் விட்டேன். வாடகை வீடு என்றால் பெரும்பாலும் ஓனர் பெயர்தான் வரும், பயப்பட வேண்டாம்.