மகளுக்கு எபிஸ்கோபல் பள்ளி தேடியபோது

சொந்த ஊர் நாசரேத். இப்போது வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறோம். மகள் எட்டாவது படிக்கும்போது உயர்நிலைப்பள்ளி தேட ஆரம்பித்தோம். இங்கே நம்மவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "டிஜேவுக்குப் போடலையா?" டிஜே என்கிற தாமஸ் ஜெஃபர்சன் அருமையான அரசுப் பள்ளி, கட்டணமும் கிடையாது. ஆனால் அது கணக்கும் அறிவியலும் மூச்சாக இருக்கிற பிள்ளைகளுக்கு. என் மகளுக்குப் பாட்டும் கட்டுரையும்தான் உயிர்.

அலெக்ஸாண்ட்ரியாவில் எபிஸ்கோபல் சபையை, அதாவது அமெரிக்க ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த இரண்டு பள்ளிகளைப் பார்த்தோம். செயின்ட் ஸ்டீபன்ஸ் அண்ட் செயின்ட் ஆக்னஸ், தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று 1839இல் தொடங்கிய எபிஸ்கோபல் ஹை ஸ்கூல். அங்கே படிக்கிற எல்லாரும் விடுதியில்தான் தங்க வேண்டும், பக்கத்துத் தெருவில் வீடு இருந்தாலும் சரி. எனக்கு அதுவே பெரிய தயக்கம். வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் வளர்ந்தவர், அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

அந்த விடுதிப் பள்ளியின் சேப்பலில் (சிற்றாலயத்தில்) உட்கார்ந்தபோது மனசு கொஞ்சம் இளகியது. நம் சிஎஸ்ஐயும் (தென்னிந்தியத் திருச்சபை) ஆங்கிலிக்கன் குடும்பம்தானே, ஜெபங்களின் ஒழுங்கு ஊரில் கேட்டது போலவே இருந்தது. வேறு மதத்துப் பிள்ளைகளும் அதே பெஞ்சில் இருந்தார்கள்.

ஆனால் முடிவை மாற்றியது சுற்றிக்காட்டிய மாணவிதான். அங்கே ஒரு நேர்மை விதி உண்டு: பொய், காப்பி, திருட்டு கூடாது, செய்கிறவரைப் பார்த்தால் சொல்லவும் வேண்டும். "உன் சிநேகிதி காப்பியடித்தால் நீ போய்ச் சொல்வாயா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "முதலில் அவளையே போய்ச் சொல்லச் சொல்வேன். போகாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருக்கும்" என்றாள். திரும்பும்போது காரில் என் மகள், "அம்மா, அந்த அக்கா நமக்காக நல்லதாச் சொல்லலை, உண்மையைச் சொன்னாங்க" என்றாள். அங்கேயே சேர்த்தோம்.

இந்த வருடம் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு ஒன்று. நிதியுதவிக்குத் தனிப் படிவம், வரிக் கணக்கும் கேட்பார்கள். வேறொரு பள்ளியில் அதன் கடைசித் தேதியைத் தவறவிட்டோம். இடம் கிடைத்தும் சேர்க்க முடியவில்லை. சேர்க்கைப் படிவத்தைத் திறக்கும் அன்றே அதையும் திறந்துவிடுங்கள்.