மலபார் வீட்டுக் குழு, கெபேஹா (தென்னாப்பிரிக்கா)

சுமதி அத்தை: எல்லாரும் இதைப் பாருங்க. வறட்சி வந்தா உடனே விமானத்துல போய் மேகத்துல மருந்து தூவி மழை பெய்ய வைக்க அரசாங்கம் காசு ஒதுக்கணும்னு மனு. ஞாயித்துக்கிழமை கடைசி நாள். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.

கண்ணன் (டர்பன்): நானும் போட்டாச்சு அத்தை. துபாய்க்காரன் செய்றான், நாம ஏன் செய்யக்கூடாது?

பெரியப்பா: கண்ணா, துபாய்க்கு முன்னாடியே நம்ம தென்னாப்பிரிக்காவுல செஞ்சாங்க. இங்க இருக்குற பெத்லகேம் ஊர்ல, நெல்ஸ்ப்ரூட்ல. அந்த ஆராய்ச்சிக்குப் போனது பொதுப்பணம்தான்.

பெரியப்பா: நெல்ஸ்ப்ரூட் பக்கம் ஒரு காகித ஆலை. அந்தப் புகையை இழுத்துக்கிட்ட மேகத்துல துளி பெருசா இருக்குறதை கிரேம் மாதர்னு ஒரு விஞ்ஞானி கவனிச்சார். அதுல இருந்து பிடிச்சுதான், மத்தாப்பு மாதிரி ஒண்ணை விமான றெக்கையில கட்டி, மேகத்துக்கு அடியில பறந்து கொளுத்துனாங்க. உப்புத்தூளா கக்கும். உப்புல ஈரம் சீக்கிரம் ஒட்டும், துளி பெருக்கும், பக்கத்துத் துளியை முட்டிச் சேர்த்துக்கிட்டுக் கீழ விழும்.

கண்ணன் (டர்பன்): அப்ப வேலை செய்யுதுதானே?

பெரியப்பா: 127 இடிமேகத்துல சோதிச்சாங்க. எதுக்கு மருந்து, எதுக்கு இல்லைன்னு திருவுளச்சீட்டு மாதிரி முடிவு பண்ணி. மருந்து பட்டதுல மழை கூடுதல்னு 1997ல அச்சாச்சு. ஆனா அது ரேடார்ல பார்த்த மேகத்து மழை. அணைக்குள்ள வந்து சேர்ந்த தண்ணி இல்லப்பா.

செல்வி (கோவில்பட்டி): இங்க இந்தியாவுல, மகாராஷ்டிரா சோலாப்பூர்லயும் 2018, 2019ல அளந்து பார்த்தாங்க மாமா. மழை சராசரி 18 சதவீதம் கூடுச்சுன்னாங்க.

பெரியப்பா: அதேதான்மா. அளந்தாங்க, அதனால சொல்ல முடிஞ்சது.

சுமதி அத்தை: அண்ணே, 2022ல நான் பொதுக்குழாய் வரிசைல வாளியோட நின்னது மறந்துபோச்சா? அம்மாவைக் குளிப்பாட்ட அரை வாளி. அந்தத் தண்ணியைத்தான் அப்புறம் கக்கூஸுக்கு ஊத்துனேன். ஏதாவது ஒண்ணு செய்யட்டுமே.

பெரியப்பா: மறக்கல சுமதி. அதனாலதான் இவ்வளவு நேரம் தட்டிட்டு இருக்கேன். வறட்சி வந்தப்புறம் காசு கொடுத்தா மருந்து தூவ மேகம் எங்க இருக்கும்? மேகத்துல இருக்குறதைத்தான் இறக்க முடியும், வெறும் வானத்துல ஒண்ணும் நடக்காது. அதுவும் மாதர் பார்த்தது உள்நாட்டுக் கோடை இடிமேகம். நமக்குக் கடல் பக்கமிருந்து குளிர்காத்தோட வர்ற மழையும் உண்டு. இங்க பலிக்குமான்னு முதல்ல சோதிக்கணும். மழை இருக்குற வருஷத்துலயே ஆரம்பிச்சு, அஞ்சாறு வருஷம் விடாம.

சுமதி அத்தை: அப்ப காசு கொடுக்க வேணாம்னு சொல்றீங்களா?

பெரியப்பா: கொடுக்கட்டும். சோதிக்கவும் அளக்கவும் கொடுக்கட்டும். தேர்தலுக்கு முன்னாடி ரெண்டு விமானம் பறந்து படம் எடுத்துக்க வேணாம்.

கலா: பெரியப்பா, நம்ம தெருமுனை மீட்டர் ஒழுகுறதை மூணு தடவை புகார் பண்ணிட்டேன். ஓடுற தண்ணில பச்சைப்பசேல்னு புல்லு முளைச்சு முழங்கால் உயரம் நிக்குது. படம் அனுப்பவா?

பெரியப்பா: அனுப்பும்மா. மனுவோட அதையும் சேர்ப்போம். மேல இருந்து வர்ற தண்ணிக்குக் காசு கேக்குறவன், வந்த தண்ணி ஒழுகுறதையும் கேக்கணும்.

சுமதி அத்தை: போட்ட கையெழுத்தை எடுக்க முடியாது. அந்த அஞ்சாறு வருஷ விஷயத்தை நீங்களே நல்லா எழுதிக் கொடுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை கோயில்ல கூழ் ஊத்துறப்ப எல்லார்கிட்டயும் தனியா கையெழுத்து வாங்கிடுறேன்.

பெரியப்பா: இன்னைக்கு ராத்திரியே எழுதிடுறேன்.

கலா: படம் இதோ. இப்பத்தான் பக்கத்து வீட்டு நாய் வந்து குடிச்சிட்டுப் போச்சு.