பையைப் பார்த்துக்கொள்கிறவர்கள்

வேளச்சேரி அப்பா:

போன வாரம் பெங்களூர் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போய்வந்தோம். மூன்று குடும்பம், 11 பேர். பத்துப் பேர் காலையிலிருந்து மாலை ஆறு மணி வரை சுற்றினார்கள், தலைகீழாகத் தொங்கினார்கள், நனைந்தார்கள். நான் மரத்தடி பெஞ்சில் ஐந்து பை, ஒன்பது ஜோடிச் செருப்பு, நாலு செல்போன், என் மச்சினியின் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது எனக்குப் புதிதில்லை. தாம்பரத்தில் 1995-ல் கிஷ்கிந்தா தீம் பார்க் திறந்த புதிதில் கல்லூரி நண்பர்களோடு போனேன், அப்போதும் பை என்னிடம்தான். முட்டுக்காடு எம்ஜிஎம்மிலும் அதே கதை. விஜிபியில் மட்டும் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார், சிலை மனிதன். சுற்றி நின்று குழந்தைகள் என்ன சேட்டை செய்தாலும் அசையாமல், சிரிக்காமல் நிற்பாரே, அவர்தான். அந்த வளாகத்திலேயே என்னைப் போல ஒருவர் என்று நினைத்துக்கொள்வேன்.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். ரோலர் கோஸ்டரில் இருந்து இறங்கி வருகிறவர்களில் ஒரு கூட்டம் "இன்னொரு தடவை" என்று மறுபடி வரிசைக்கு ஓடும். இன்னொரு கூட்டம் கம்பியைப் பிடித்தபடி வந்து தண்ணீர் பாட்டிலைத் தேடும். ஒரே வண்டி, ஒரே இரண்டு நிமிடம்தான். அது எப்படி?

இன்னொரு தகவல். டிஸ்னிலாண்ட் யோசனையே பெஞ்சில் பிறந்ததுதான். வால்ட் டிஸ்னி வார இறுதியில் மகள்களை லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் பார்க் திறந்தது. அந்த பெஞ்சை இப்போது டிஸ்னிலாண்டுக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது அவர் எழுந்துவிட்டார், நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நீங்கள் ஏறுகிற கட்சியா, பை கட்சியா?

கோவை அக்கா:

அண்ணா, நான் எதிர்க்கட்சி. வயது 52. கோடை வந்தால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போகாமல் இருந்ததே இல்லை. பின்னால் நீலகிரி மலை, முன்னால் அலைக்குளம். அலை வருவதற்கு முன்னால் ஊதுகிற சங்கைக் கேட்டால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் அம்மாவையும் கூட்டிப்போனேன். எழுபதைத் தாண்டியவர். வீட்டுக் குளியலறையை விட்டால் கோயில் குளத்தில் கால் நனைத்ததுதான் அவருக்குத் தெரிந்த தண்ணீர். இந்த மாதிரி இடங்களில் குளத்துக்குள் பருத்திப் புடவையோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் உடைதான் போட வேண்டும். வாடகைக்கு ஒரு நீலக் கால்சட்டையும் டீ-ஷர்ட்டும் வாங்கிக் கொடுத்தேன். உடை மாற்றும் அறைக்குள் போனவர் இருபது நிமிடம் வெளியே வரவில்லை. "இதப் போட்டுட்டு நான் எப்படி வெளிய வர்றது?" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டார். "இங்க எல்லாரும் இதேதாம்மா" என்றேன். கடைசியில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் முழங்கால் வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். முதல் அலை வந்தது. கையை விட்டுவிட்டார். அப்புறம் மூன்று மணி நேரம் அவரைக் கரையேற்ற முடியவில்லை.

எனக்கு ஏன் பிடிக்கும் என்று கேட்டால் பதில் சுலபம். ஊட்டியில் அறை எடுத்துத் தங்கினாலும் யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, யாருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை என்பதை நான்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவளிடம் யார் என்ன கேட்பது? போன்கூட லாக்கரில் இருக்கிறது. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஓய்வெடுப்பது போலத்தான் நான் அலையில் ஓய்வெடுக்கிறேன்.

கும்பகோணம் தாத்தா:

எந்த ஊர், எந்த பார்க் என்று சொல்லப்போவதில்லை. வாசலில் பையைச் சோதித்தார்கள். விடியற்காலை எழுந்து கிளறிய புளியோதரையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். வெயிலில் சுவர் ஓரமாக நின்று ஆறு பேரும் பத்தே நிமிடத்தில் அதைச் சாப்பிட்டு முடித்தோம். பேரனுக்குப் புரையேறியது. உள்ளே ஒரு மசால் தோசை 180 ரூபாய். அதற்குப் பிறகு எந்த ராட்டினமும் என் கோபத்தைத் தணிக்கவில்லை.

பாரிஸ் அண்ணை:

ஐயா, சாப்பாட்டில் கோபம் வந்தது உங்களுக்கு மட்டும் இல்லை. பாரிசுக்கு வெளியே டிஸ்னியின் பூங்கா 1992 ஏப்ரல் 12-இல் திறந்தபோது உள்ளே வைன் விற்கவில்லை. மதியச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைன் இல்லையென்றால் பிரெஞ்சுக்காரனுக்கு அது சாப்பாடே இல்லை. நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கின், அணு உலை வெடித்த செர்னோபிலை வைத்து, அந்தப் பூங்காவையே 'பண்பாட்டுச் செர்னோபில்' என்றார். அடுத்த வருடமே வைனுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். உங்கள் புளியோதரைக்கும் ஒரு முனூஷ்கின் வேண்டும்.

என்னுடைய கதை வேறு. நான் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் வேலை செய்கிறேன். கோடை விடுமுறை தொடங்கினால் கனடாவில் இருந்து ஒரு குடும்பம், ஜெர்மனியில் இருந்து ஒரு குடும்பம் வரும். ஈஃபிள் கோபுரம் ஒரு நாள், டிஸ்னி ஒரு நாள். அழைத்துப்போகிறவன் நான். ஆர்.இ.ஆர் 'ஏ' ரயிலில் டிஸ்னி இருக்கிற மார்ன்-லா-வலே வரை கண்ணை மூடிக்கொண்டு போவேன். பதினான்கு தடவை போய்விட்டேன். கடைசி ஏழெட்டுத் தடவை எதிலும் ஏறவில்லை. பிள்ளைகள் கோட்டையைக் கண்டதும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க மட்டும் இன்னமும் விருப்பம். அதுவும் முதல் ஐந்து நிமிடம்தான்.

ஒரு தடவை அம்மம்மாவையும் கொண்டுபோனோம். பகல் முழுக்க நல்ல சந்தோசமாக இருந்தா. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு திரிந்தோம், குழந்தைப் பிள்ளைகளின் படகுச் சவாரியில்கூட ஏறினா. இரவு கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை தொடங்கியது. முதல் வெடிக்கு எல்லாரும் ஆவென்று அண்ணாந்து பார்த்தார்கள். அம்மம்மா மட்டும் குனிந்து பக்கத்தில் நின்ற சின்னவனின் தலையைத் தன் மடிக்குள் அமத்திப் பிடித்தா. எங்களில் பெரியவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. கனடாப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. நாங்கள் அவவைக் கூட்டிக்கொண்டு ரயிலுக்கு நடந்தோம். ஸ்டேசனுக்குள் போன பிறகும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு யாராவது 'எனக்கு இந்த இடங்கள் ஒத்துவராது' என்றால் ஏன் என்று நான் கேட்பதில்லை.

ஓசூர் மெக்கானிக்கல்:

பாரிஸ் அண்ணை எழுதியதற்குப் பிறகு இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் முதல் பதிவின் 'எப்படி' என்ற கேள்விக்கு உடம்பு சார்ந்த ஒரு பதிலும் உண்டு.

சரிவில் வண்டி விழும்போது இருக்கையும் உங்களோடு சேர்ந்தே விழுகிறது. எப்போதும் கீழிருந்து தாங்குகிற அழுத்தம் அந்த நொடியில் இல்லை. வயிற்றுக்குள் இருக்கிற உறுப்புகளும் லேசாக மிதக்கின்றன. அதைத்தான் 'வயிறு எகிறுது' என்கிறோம். உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் இன்னொன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டும். யாருக்கு எவ்வளவு குமட்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதில் வீரம், கோழைத்தனம் ஒன்றுமில்லை.

1895-ல் நியூயார்க் கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்று தலைகீழாகச் சுற்றும் ஒரு வண்டி இருந்தது. வளையத்தைச் சரியான வட்டமாகப் போட்டுவிட்டார்கள். வட்டத்துக்குள் நுழையும் நொடியில் உடல் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு அழுத்தம். ஏறினவர்களுக்குக் கழுத்து வலி. இன்று எந்த பார்க்கில் வேண்டுமானாலும் பாருங்கள், வளையம் பெரும்பாலும் வட்டமாக இருக்காது, தலைகீழான நீர்த்துளி மாதிரி இருக்கும். மேலே வளைவு இறுக்கம், கீழே தளர்வு. 1976-ல் கலிபோர்னியாவில் வந்த 'ரெவல்யூஷன்' கோஸ்டர்தான் அந்த வடிவத்தை நிலைநாட்டியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. வண்டியைச் சங்கிலி மேலே இழுக்கும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வருமே, பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருண்டுவிடாமல் பல்லில் மாட்டிக்கொண்டே போகும் தடுப்பின் சத்தம் அது. கேட்கும்வரை நீங்கள் பத்திரம். இதை என் மனைவிக்கு ஒவ்வொரு தடவையும் விளக்குகிறேன், அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்கிறாள். இவ்வளவு தெரிந்த நான்தான் இறங்கியதும் வாந்தி எடுப்பேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்காரன்:

தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி பார்த்து வளர்ந்தவனுக்கு தீம் பார்க் ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும். மரணக் கிணற்றில் பலகை கிடுகிடுவென்று ஆடும். பைக் ஓட்டுகிறவன் சுவரில் சுற்றிக்கொண்டே நம் கையில் இருக்கிற பத்து ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு போவான், போகும்போது நம் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. கையில் டெல்லி அப்பளம், கண்ணில் தூசி, எங்கேயோ தொலைந்துபோன குழந்தைக்கு மைக்கில் அறிவிப்பு. தீம் பார்க்கில் பயம்கூட அளந்து ஊற்றினது. யாரும் என்னைப் பார்ப்பதில்லை, பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே எல்லாம் போலி என்று திட்டுவார்கள், எனக்கு அது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. கலிபோர்னியா டிஸ்னி கோட்டையின் உயரம் 77 அடிதான். மேலே போகப் போகக் கல்லைச் சின்னதாக்கி, அண்ணாந்து பார்க்கிறவனுக்குப் பெரிதாகத் தெரிய வைத்திருக்கிறார்கள். நம் கோபுரத்து நிலைகளும் மேலே போகப் போகச் சுருங்குகிறவைதானே! அதைப் பார்த்துவிட்டு வந்து இதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூர் தங்கச்சி:

எனக்குப் பிடிக்காதது சவாரி இல்லை, திட்டம். செந்தோசாவுக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே என் கணவர் எக்செல் போட்டுவிடுவார். கதவு திறந்ததும் எங்கே ஓட வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பாடு, எது மழை வந்தால் நிற்கும், எல்லாம் அதில் இருக்கும். விடுமுறையா, ஆடிட்டா என்று கேட்டுவிட்டேன்.

அப்புறம் வரிசை. திருப்பதியில் கூண்டுக்குள் பத்து மணி நேரம் இருந்துவிட்டு வந்து நிம்மதி என்று சொல்கிற என் மாமியார், இங்கே 70 நிமிடப் பலகையைப் பார்த்ததும் "இதெல்லாம் நமக்கு வேணாம்மா" என்கிறார். நேரம் இல்லை பிரச்சினை. எதற்காக நிற்கிறோம் என்று மனதுக்குத் தெரிந்தால் கால் வலிக்காது. காசு கொடுத்தவர்கள் பக்கத்து வழியில் நம்மைத் தாண்டிப் போகும்போதுதான் வலிக்கிறது. நீண்ட வரிசையில் நிற்காமல், குறித்த நேரத்தில் வந்து ஏற டிஸ்னி 1999-ல் கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் என்ற சீட்டு, பார்க் டிக்கெட் வாங்கின எல்லாருக்கும் இலவசமாக இருந்தது. அமெரிக்காவில் 2021-ல் அதை எடுத்துவிட்டு, காசு கட்டினால் முந்திப் போகலாம் என்று மாற்றினார்கள். சிறப்பு தரிசனம் என்றால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் புரியும்.

ஆனால் ஒரு ரகசியம். தனியாக வருகிறவர்களுக்கென்று சில சவாரிகளில் ஒரு குட்டி வரிசை உண்டு, காலியாக இருக்கிற ஒற்றை இருக்கையில் ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு அதில் போய் நின்றேன். முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். கோவை அக்கா சொன்ன கழுத்தளவுத் தண்ணீர் எனக்கு அதுதான்.

வேளச்சேரி அப்பா:

எல்லாருக்கும் நன்றி. அம்மம்மா கதையை இரண்டு தடவை படித்தேன்.

நேற்று இரவு என் மனைவி இதையெல்லாம் முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். கோவை அக்கா எழுதியதை மட்டும் சத்தமாக எனக்கும் வாசித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "இருபத்தேழு வருஷமா நீங்கதான் பையப் பாத்துக்கறீங்க. பாவம். அடுத்த தடவ நான் உக்காந்துக்கறேன், நீங்க ஏறுங்க."

அரையாண்டு விடுமுறைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஏறுகிற இடத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்களே, இதய நோய், இரத்த அழுத்தம், கழுத்து வலி என்று வரிசையாக எழுதி. அதில் வேறு என்னென்ன இருக்கும் என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.