கருப்பன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது, எழுந்தால் விழுகிறான் (ஏற்காடு)

காப்பித்தோட்டம்:
வணக்கம். எங்கள் கருப்பன் நாட்டு நாய், 13 வயது. நேற்று ராத்திரி சோறு தின்றுவிட்டு நன்றாகத்தான் படுத்தான். காலையில் எழுந்து நிற்கப் பார்க்கிறான், இடப்பக்கமாகவே சரிந்து விழுகிறான். தலையும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. இரண்டு தடவை வாந்தி. கண்மணி ஆடிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் பக்கவாதம் என்கிறார்கள், பெரியப்பா யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்கிறார். ஒரு வாரமாகக் காதை உதறிக்கொண்டிருந்தான், நாற்றமும் இருக்கிறது. போன வருஷத்துக் காது மருந்து அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது. ஊற்றலாமா? சேலத்துக்கு இறங்கணும் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு, அதுதான் பயம்.

அம்மாப்பேட்டை அண்ணன்:
தம்பி, அந்த மருந்தை ஊற்றாதீங்க. செவிப்பறை கிழிந்திருந்தால் மருந்து உள்காதுக்கே போய்விடும். ஜென்டாமைசின், நியோமைசின் மாதிரி மருந்துகள் அங்கே போனால் கேட்கும் திறனும் போகலாம், தள்ளாட்டமும் கூடலாம். டாக்டர் உள்ளே பார்த்த பிறகுதான் எதுவும்.

மூன்று விஷயம் சொல்லுங்க. கண் பக்கவாட்டில் ஆடுகிறதா, மேலும் கீழுமாகவா? அவனைத் தாங்கி நிறுத்தி ஒரு பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படுகிற மாதிரி வைத்துப் பாருங்க, உடனே திருப்பிக்கொள்கிறானா? சமீபத்தில் வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் ஏதும் கொடுத்தீங்களா? அளவு மீறினால் அதுவும் இப்படித் தள்ளாட வைக்கும்.

காப்பித்தோட்டம்:
அண்ணா, மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. பாதத்தைச் சட்டென்று திருப்பிக்கொள்கிறான். கண் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து, வெடுக்கென்று வலப்பக்கம் வருகிறது. கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறான்.

அம்மாப்பேட்டை அண்ணன்:
அப்படியென்றால் மூளையைவிட இடப்பக்க உள்காதுமேல்தான் சந்தேகம். கண் மேலும் கீழும் ஆடினாலோ, பாதம் மடங்கியபடியே கிடந்தாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தாலோ கதை வேறு. வயசான நாய்களுக்குக் காரணமே தெரியாமலும் இது வரும். இரண்டு மூன்று நாளில் தணிய ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் நடந்துவிடும். முதல் நாள் கோலத்தைப் பார்த்துப் பக்கவாதம் என்று ஊசி போட்டு உயிரையே முடித்துவிடுகிறவர்கள் உண்டு, அவசரப்படாதீங்க. ஆனால் உங்களுக்குக் காது நாற்றம் இருக்கிறது, இன்றே காட்டுங்க. கண் ஆடுவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்க, டாக்டர் முன்னால் நின்றுபோனாலும் காட்டலாம்.

ஏற்கனவே அவனுக்கு உலகம் சுற்றுகிறது, அதில் மலைப்பாதை வேறு. கிளம்பும் முன் சோறு வேண்டாம். இரண்டு பக்கமும் சாக்கைச் சுருட்டி அணைகொடுத்து, மெதுவாக இறங்குங்க.

பூனைவீட்டு அக்கா:
எங்கள் பூனைக்கும் இதே சாய்வு வந்தது, வயசு ஒன்றரைதான். நடுக்காதில் சதை வளர்ந்திருந்தது, எடுத்த பிறகு சரியானது. இளம் பூனை தலை சாய்த்தால் காதையும் தொண்டையையும் பார்க்கச் சொல்லுங்க. குட்டியிலிருந்தே ஆடி ஆடி நடக்கிற பூனை என்றால் அது வேறு, தாய் வயிற்றில் இருக்கும்போதே சிறுமூளை சரியாக வளராமல் போவது. அது அப்படியே இருக்கும், மோசமாகாது, பூனை நன்றாகவே வாழும்.

அப்புறம், தட்டில் வைத்தால் கருப்பனுக்குக் குறி தப்பும். கையில் ஊட்டுங்க. படிக்கட்டை அடைத்துவிடுங்க.

காப்பித்தோட்டம்: (ஐந்தாம் நாள்)
அன்றே இறங்கிவிட்டோம். ஒன்பதாவது வளைவில் ஒரு வாந்தி, அவ்வளவுதான். இடது காதில் சீழ், செவிப்பறை கிழிந்திருக்கிறதாம். மருந்து ஊற்றாமல் இருந்தது நல்லது என்றார் டாக்டர். சுத்தம் செய்து, வாந்திக்கு ஊசி போட்டார். மாத்திரை ஆறு வாரம், இடையில் நிறுத்தக்கூடாது. கண் ஆட்டம் மூன்றாம் நாள் நின்றது. இன்று தானாகவே வாசல் வரை போனான், திரும்பும்போது மட்டும் சறுக்குகிறான். தலைச்சாய்வு கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கலாமாம். தங்கட்டும். வருகிற போகிற ஆளையெல்லாம் ஏதோ சந்தேகமாகப் பார்ப்பது போலவே உட்கார்ந்திருக்கிறான், பால்காரர் வாசலுக்கு வரவே யோசிக்கிறார்.